உள்பக்கக் கீறல்

டிரிங்... டிரிங்... டிரிங்...!

டயர் கடை போன் விடாமல் அலறியது.

"செல்வநாதன் அண்ணே! உங்களுக்குத்தான்! போலீஸ் ஸ்டேஷனாம்!" என்று கத்தினார் டயர் கடை முகைதீன் பிச்சை.

கையெல்லாம் பாலிஷ் பவுடரோடு பக்கத்துப் பட்டறையிலிருந்து ஓடி வந்தான் செல்வநாதன். நாற்பது வயது. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் அவன் பட்டறை. கார் கண்ணாடியில் விழும் மெல்லிய கீறல்களைத் தேய்த்தே மறைய வைப்பதில் கெட்டிக்காரன். நாகப்பட்டினத்திலிருந்தெல்லாம் தேடி வருவார்கள்.

"இன்ஸ்பெக்டர் திருஞானசம்பந்தம் பேசறேன். மரியமுத்து உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே?"

"ஆமா சார். மாப்பிள்ளை பாண்டிச்சேரி போயிருக்காரு..."

"போகலை. நெடுங்காட்டுல, அவர் வீட்டுக்குப் பின்னாடி ஓடுற வாய்க்கால்ல கிடக்குறாரு. பொணமா!"

செல்வநாதன் டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டான்.

"கால் வழுக்கி விழுந்துட்டாரா சார்?"

"கழுத்துல துண்டை இறுக்கின தடம் இருக்குய்யா. கொலை! திருட்டும் இல்ல. விரல்ல வைர மோதிரம் அப்படியே இருக்கு. கல்லு மட்டும் ஒரு பக்கம் எழும்பியிருக்கு. எதுலயோ ஓங்கி ஓங்கி உரசின மாதிரி..."

அதற்குமேல் அவன் காதில் ஒன்றும் விழவில்லை.

வைரம்... கண்ணாடி... ஐயோ!

அன்று காலை எட்டு மணிக்குத்தான் மரியமுத்துவின் அம்பாசிடர் பட்டறைக்கு வந்திருந்தது. ஓட்டி வந்தவன் டிரைவர் காஜா மைதீன். பின் சீட்டிலிருந்து இறங்கியவள் சலோமி.

செல்வநாதனின் ஒரே தங்கை! அப்பா அம்மா போன பிறகு சோறு ஊட்டி, சடை பின்னி, நகை போட்டுக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். அவள் ஒன்று கேட்டு அவன் மாட்டேன் என்றதே கிடையாது.

டிரைவர் டீ குடிக்க நகர்ந்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, பின் கதவுக் கண்ணாடியைப் பாரேன். ஒரே கீறல்! அவரு முதல் பஸ்ஸுல பாண்டிச்சேரி போயிட்டாரு, பிரான்சுக்குப் போற பேப்பர் விஷயமா. வர்றதுக்குள்ள எடுத்துடேன். பார்த்தார்னா குதிப்பாரு!"

செல்வநாதன் கீறல்களின் மேல் நகத்தை ஓட்டினான். நகம் மாட்டினால் ஆழம், தொடவே கூடாது. மாட்டவில்லை. தேய்த்து எடுத்துவிடலாம்.

ஆனால்...

"உள்பக்கமில்ல விழுந்திருக்கு சலோமி? கண்ணாடியை ஏத்தி இறக்குறப்ப மணல் மாட்டினா கீறல் நேரா விழும். இது தாறுமாறால்ல இருக்கு?"

"காஜா மைதீன் மண் ஒட்டின துணியால துடைச்சுத் தொலைச்சுட்டானாம். நீ கேட்டுடாதே அண்ணே. ரோஷக்காரன், வேலையை விட்டுட்டுப் போயிடுவான்."

மண் ஒட்டிய துணி இப்படிக் கீறாது. இருபது வருஷத் தொழிலில் அவனுக்கு அது தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் தங்கை வீட்டுச் சமாச்சாரம். கட்டிக்கொடுத்த வீட்டில் போய் அண்ணன் கேள்வி கேட்பதா? வாயை மூடிக்கொண்டான்.

"நான் மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினாள் சலோமி.

கீறல் இருக்கும் இடம் தவறாமலிருக்கக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டான். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்கள் லென்ஸ் தேய்க்கும் பவுடரைத் தண்ணீரில் குழைத்தான். கம்பளித் துண்டால் தொட்டு, உள்பக்கத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். அவசரப்பட்டு அழுத்தினால் சூடேறி வெடித்துவிடும். இரண்டரை மணி நேரம்! கடைசியில் கண்ணாடி பளிச்சென்று ஆனது. கூலிகூட வாங்காமல் வண்டியை அனுப்பி வைத்தான்.

கழுத்து இறுகி, மூச்சுத் திணறி, மோதிரக் கையால் கண்ணாடியில் அடித்திருக்கிறான் ஒரு மனிதன். அந்த அடையாளத்தை இவன் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து அழித்திருக்கிறான்!

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எதிரே நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"சாட்சியை நானே அழிச்சுட்டேன் சார்!"

"உட்காருய்யா முதல்ல. டிரைவர் என்ன சொல்றான் தெரியுமா? நேத்து மரியமுத்து குடிச்சுட்டு வண்டியிலேயே தூங்கிட்டாராம். எழுப்ப முடியலையாம். சாவியை உங்க தங்கச்சிகிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டானாம். காலையில, முதலாளி பஸ்ஸுல போயிட்டாருன்னு அவங்கதான் சொன்னாங்களாம்."

"சலோமி என்ன சொல்லுது?"

"சாவியை அவன் குடுக்கவே இல்லையாம். பஸ் ஏத்திவிட்டேன்னு அவன்தான் சொன்னானாம். அவன் ஒண்ணு சொல்றான், இவங்க ஒண்ணு சொல்றாங்க!"

"மண் ஒட்டின துணின்னு கதை கட்டினதும் அவன்தான் சார்! என் தங்கச்சி தலையில மிளகா அரைச்சிருக்கான்!"

"இருக்கலாம். நிரூபிக்கணுமே? கண்ணாடியைத்தான் நீ பளிங்கு மாதிரி ஆக்கி வெச்சிருக்கியே!"

செல்வநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் தேய்ச்சேன்னு அவனுக்கு எப்படி சார் தெரியும்? வேலை முடியறவரைக்கும் யாருமே பக்கத்துல இல்ல. வேற கண்ணாடி மாட்டிட்டேன், பழசு பட்டறையில இருக்குன்னு சொன்னா?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லு. சத்தமா சொல்லு!"

நெடுங்காட்டு வீடு அழுகையில் மூழ்கியிருந்தது. உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. அண்ணனைக் கண்டதும் சலோமி ஓடி வந்து அவன் நெஞ்சில் விழுந்தாள்.

"அண்ணே! என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டாரே!"

அவள் தலையைத் தடவிக்கொண்டே, வாசலில் நின்ற காஜா மைதீனுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினான் செல்வநாதன்.

"அழாதே தங்கச்சி! அந்தக் கண்ணாடியை நான் தேய்க்கவே இல்ல. வேற மாட்டி அனுப்பிட்டேன். பழசு பட்டறையில சாக்குல சுத்தி நிக்குது. நாளைக்கு சாயங்காலம் பாண்டிச்சேரிலேர்ந்து ஆளுங்க வந்து சோதிக்கப் போறாங்க. கொலைகாரன் தப்ப முடியாது!"

காஜா மைதீன் முகம் வெளுத்தது. துண்டால் வேர்வையை ஒற்றிக்கொண்டான்.

சலோமி அண்ணனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"விடாதே அண்ணே அவனை!"

மறுநாள் மதியம்.

ஆஸ்பத்திரிக்குப் போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் பதுங்கியிருந்தான் செல்வநாதன். மூலையில் நின்ற பழைய வேனுக்குப் பின்னால் அவனும் இன்ஸ்பெக்டரும். சுவரோரம் சாக்கு சுற்றிய கண்ணாடி. கதவுக்கு வெறும் தாழ்ப்பாள்தான்.

"வரட்டும் அவன்..." பல்லைக் கடித்தான் செல்வநாதன்.

ஒரு மணி... ஒன்றரை... இரண்டு...

கிரீச்!

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. உருவம் நேராகச் சாக்கை நோக்கிப் போனது. கையில் சுத்தியல்! ஒரே அடி! கண்ணாடி பொரி மாதிரி சிதறியது.

இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையில் வளையல்கள் குலுங்கின.

வளையலா?

செல்வநாதன் வேனுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

சலோமி!

சுத்தியல் நழுவி விழுந்தது.

"அ... அண்ணே... நீ ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"நீயா தங்கச்சி? நீயா?"

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் சொட்டு ஈரமில்லை.

"ஆமா, நான்தான். பிரான்சுக்குப் போற பேப்பர் ரிஜிஸ்டர் தபால்ல வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தேன். பொண்டாட்டிங்கிற இடத்துல யாரோ இருதயமேரின்னு இருக்கு! என் போட்டோ ஒட்ட வேண்டிய இடத்துல அவ போட்டோ! பன்னெண்டு வருஷம் அண்ணே... என்னை இங்கேயே விட்டுட்டு அவளைக் கூட்டிக்கிட்டுப் போகப் பார்த்தாரு!"

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? அவர் கால்ல விழுந்திருப்ப! அவரு சத்தியம் பண்ணியிருப்பாரு, நீயும் நம்பிட்டு வந்திருப்ப. முந்தா நாளு குடிச்சுட்டு வண்டியில கிடந்தாரு. கையில துண்டு இருந்துச்சு. வாய்க்கால் பத்தடியில இருந்துச்சு..."

"அந்த காஜா மைதீன் என்ன பாவம் பண்ணினான்? அவன் தூக்குல தொங்கியிருப்பானே!"

அவள் வளையல்களைச் சரிசெய்துகொண்டாள்.

"கீறலை எடுக்க ஊர்ல வேற ஆளா கிடைக்கலை? கூடப் பொறந்தவன் கையாலயா அழிக்க வெச்ச?"

"வேற யாரா இருந்தாலும் கேள்வி கேட்டிருப்பாங்க அண்ணே. நீ கேக்க மாட்டே."

செல்வநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் கொலை செய்தாள் என்பதைவிட இதுதான் அவனைக் கொன்றது. முப்பது வருஷப் பாசத்தை ஒரு கம்பளித் துண்டாக நினைத்துக் கையில் எடுத்திருக்கிறாள்!

இன்ஸ்பெக்டர் குனிந்து, சிதறல்களில் ஒரு கை அள்ளினார்.

"உன் கார் கண்ணாடி இன்னும் கார்லயேதாம்மா இருக்கு. அதுல ஒரு கீறல்கூட இல்ல. இது இந்தப் பழைய வேன் கண்ணாடி! எங்க கையில துளி சாட்சி கிடையாது. நீ பாட்டுக்கு வீட்டுல அழுதுக்கிட்டு இருந்திருந்தா, உன்னை யாராலும் தொட்டிருக்க முடியாது!"

சலோமியின் வாய் பிளந்தது. ஏமாற்றப்பட்டவளின் ஆத்திரத்தோடு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே! நீ பொய் சொன்னியா? எங்கிட்டயா? பொறந்ததுலேர்ந்து நீ ஒரு பொய் சொன்னதில்லையே!"

செல்வநாதன் மெல்ல எழுந்தான். வழிந்த கண்ணீரைத் துடைத்தான். இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தான்.

"எனக்குப் பொய் சொல்ல எங்கே தெரியும் தங்கச்சி? நேத்து காலையில இதே வாசல்ல நின்னு நீ சொன்னியே... அதைக் கேட்டுக் கத்துக்கிட்டேன்!"