நெருடாத முகம்

கோவில்பட்டி சுகாதார நிலையத்தில் டாக்டர் தில்லைநாயகிக்கு அடிவயிற்றில் நெருடியது. எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரர் முழங்கால் வலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நெருடல் வந்தபின் முழங்காலை யார் பார்ப்பார்கள்? தூக்கம் எப்படி, கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தீர்கள் என்று கேட்டாள். மனிதர் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். மனச்சோர்வுதான். அவள் காதுக்குப் பின்னாலிருந்த பட்டறிவுத் தகடு நெருடலைப் பதிந்துகொண்டு, மனநல மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டையும் தானே அனுப்பிவிட்டது.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அந்த ஆயிரம் பேராவது பிழைத்துப் போகட்டுமே என்றுதான் அரசு இந்தத் தகட்டைக் கொண்டுவந்தது. தூத்துக்குடியில் முப்பத்தெட்டு வருடம் குடும்ப மருத்துவராக இருந்த அருமைநாயகத்தின் அனுபவம் முழுவதும் அதில் இருந்தது. பாடமாக அல்ல, உணர்வாக. சோர்ந்த நோயாளி உள்ளே நுழையும்போதே அவர் வயிற்றில் எழுந்த நெருடல், இப்போது நாலாயிரம் இளம் மருத்துவர்களுக்கும் எழுந்தது. தகடு நெருடாத யாருக்கும் சீட்டுக் கிடைக்காது. தகடுதான் தவறியதே இல்லையே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அன்று மதியம், கம்பவுண்டர் சுடலைமுத்து மருந்துப் பெட்டி எடுத்துவரப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவர் மனைவி பேச்சியம்மாள் வந்தாள். இரண்டு மாதமாக அவர் ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாராம். நேற்று பிள்ளைகளின் சான்றிதழ்களையெல்லாம் ஒரு பையில் போட்டு, இனி நீயே பத்திரமாக வைத்துக்கொள் என்று இவள் கையில் கொடுத்தாராம்.

"பத்து மணி நேரம் ஒங்க பக்கத்துலதான் நிக்காரு. ஒங்களுக்குமா தெரியல, டாக்டரம்மா?"

தில்லைநாயகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுடலைமுத்துவா? நேரம் தவறாதவர், நோயாளியைக் கேலி பேசிக்கொண்டே வலி தெரியாமல் ஊசி போடுகிறவர். அவர் திரும்பி வந்ததும் எதிரே உட்காரவைத்து உற்றுப் பார்த்தாள். வயிறு அமைதியாக இருந்தது. அமைதி மட்டுமல்ல, இவர் நன்றாக இருக்கிறார் என்ற நிச்சயமும் இதமாகப் பரவியது. அந்த இதம்தான் அவளைப் பயமுறுத்தியது. தகட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். இப்போது எதுவுமே தெரியவில்லை. மூன்று வருடத் தொழிலில் சொந்தமாக ஒரு முகத்தைக்கூட அவள் படித்திருக்கவில்லை. வெட்கத்தோடு தகட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

அருமைநாயகத்தையே தொலைபேசியில் பிடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கலகலவென்று சிரித்தார்.

"நீங்க சொல்றது என்னைய மாதிரில்லா இருக்கு. நானும் சிரிச்சிக்கிட்டேதான் வேல பாத்தேன். வீட்டுக்குப் போனா செவுத்தப் பாத்து உக்காந்திருப்பேன். நல்லா ஒறங்கி இருவது வருசமாச்சு. அதெல்லாம் ஒரு நோயாம்மா?"

அவளுக்கு விளங்கிவிட்டது. நலமாக இருப்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் அவரேதான். அவரைப் போல நேரத்துக்கு வந்து, அவரைப் போலச் சிரித்து, உள்ளுக்குள் ஒடிந்துபோன எவரையும் தகடு கண்டுகொள்ளாது. சுடலைமுத்துவை ஒரு நிமிடமும் தனியே விடாதே என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு, சுகாதாரத் துறைக்கு அவசர முறையீடு எழுதினாள்.

மூன்றாம் நாள் துறை அனுப்பிய ஏழு மருத்துவர்கள் கோவில்பட்டிக்கு வந்தார்கள். ஏழு பேர் காதுக்குப் பின்னாலும் தகடு இருந்தது. சுடலைமுத்து அவர்களிடமும் கேலி பேசினார். அரை மணி நேரம் பார்த்தார்கள். ஒருவருக்கும் நெருடவில்லை. தூங்கவில்லை, சாப்பிடவில்லை, தன் பொறுப்புகளை ஒவ்வொன்றாகக் கைமாற்றுகிறார் என்று தில்லைநாயகி மன்றாடினாள்.

குழுத்தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "தூங்கலேன்னா நோயா, டாக்டர்? நான் தூங்கி மூணு மாசமாச்சு. வேலை பாக்கலையா?"

எனக்கும்தான், எனக்கும்தான் என்று மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். தில்லைநாயகி ஏழு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்களுக்கு யார் சீட்டு எழுதுவது?

நலம் என்று ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சுடலைமுத்து கும்பிட்டுவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கி வருவதாகச் சொல்லித் தனியே கிளம்பினார். அந்த அறையில் தகடு இல்லாதவள் பேச்சியம்மாள் ஒருத்திதான். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் அவர் பின்னால் ஓடினாள்.