வஸ்தியான் வைத்துப்போன போத்தல்

குடிக்கிற இடத்தில் உனக்கென்ன வேலை, மஹ்மூதா என்று கேட்காத ஆள் முந்தல் ஊரில் இல்லை. நான் செசீலிக்கு வட்டிலப்பம் கொடுக்கத்தான் போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் அவள் முற்றத்தில் இன்னாசிப்பிள்ளையின் வாகனம் நின்றது. அதைக் கண்ட பிறகும் திரும்பிப் போக நான் என்ன வானத்திலிருந்து இறங்கிய மலக்கா?

செசீலியின் புருஷன் வஸ்தியானும் இன்னாசிப்பிள்ளையும் கூட்டாக, கடலோரக் களப்பருகே இறால் பண்ணை வைத்திருந்தவர்கள். நாட்டில் சண்டை முடிந்து, கரையெல்லாம் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிய காலத்தில் வஸ்தியானும் போய்விட்டான் என்று சொன்னவர் இன்னாசிப்பிள்ளை. தானே ஏற்றிவிட்டதாகச் சொல்லி அழுதார். பிறகு, அங்கே அவனுக்கு வேறு குடும்பம் உண்டாம் என்றார். அதையும் அழுதபடியே சொன்னார். அந்தச் செய்தி கரைத்தீவு வரை போனது. எப்படிப் போனது என்று கேட்க வேண்டாம்.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வந்தது, வஸ்தியானின் பாதிப் பண்ணையைத் தன் பேருக்கு எழுதி வாங்க.

"எழுதித் தா, தங்கச்சி. வேற பொஞ்சாதி எடுத்தவனுக்கு இன்னும் என்ன காவல்?"

செசீலி தலை குனிந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டவர் அலுமாரியைப் பார்த்தார். "அப்ப அவன்ட போத்தல உடை. நல்ல விஷயம் பேசுற நாள்."

அது முப்பது வருஷம் பீப்பாயில் கிடந்த ஸ்கொட்லாந்து விஸ்கி. கப்பலில் வேலை செய்த காலத்தில் வஸ்தியான் கொண்டுவந்தது. கூட்டாளிகளுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்து, சரக்கு எந்த ஊர் என்று சொல்ல வேண்டும். வஸ்தியான் தவறியதில்லை. இன்னாசிப்பிள்ளை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை, பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. இந்தப் போத்தலின் லேபலை வஸ்தியான் முன்பே சுரண்டி எடுத்துவிட்டான். ஊர்ப் பெயர் செசீலிக்கு மட்டும் தெரியும்.

"கண்ணக் கட்டினாத்தான் ஊத்துவன், அண்ணே. அது அவர்ட சட்டம்."

அவர் சிரித்துக்கொண்டே தலையை நீட்டினார். வஸ்தியானின் கைலேஞ்சியால் இறுக்கிக் கட்டினாள். அலுமாரிக் கதவைச் சத்தம் கேட்கத் திறந்தாள். போத்தலைத் தொடவில்லை. கேத்தலில் ஆறிப்போயிருந்த பிளேன்டீயைக் கிளாசில் ஊற்றினாள்.

"அவர் வந்துதான் அத உடைக்கணும், ராத்தா," என்றாள் என் காதுக்குள். இவ்வளவு கேட்ட பிறகும்.

நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தேன். இப்போது துப்பப் போகிறார், இப்போது ஏசப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் முகர்ந்தார். நெடுநேரம் முகர்ந்தார். ஒரு மிடறு விழுங்கினார்.

"புகை," என்றார். "கடல் காத்து. இது ஐலா தீவுச் சரக்கு."

செசீலியின் கை என் கையைப் பிடித்தது. 

"அதான், ராத்தா. அந்தப் பேர்தான்."

அவர் இன்னொரு மிடறு குடித்தார்.

"உப்பு."

வெளியே காகங்கள் கத்துவது நின்றுபோயிருந்தது.

"களப்புத் தண்ணி. டீசல். சேறு."

லேஞ்சிக்குக் கீழே கன்னத்தில் தண்ணீர் வடிந்தது. கண்ணீர் அவ்வளவு கறுப்பாக இருக்காது.

"எந்த ஊர்?" செசீலி குனிந்து கேட்டாள்.

"இந்த ஊர்தான். எங்கட பண்ணை. கடைசிக் குளம், மடைக்கடியில."

குரல் இன்னாசிப்பிள்ளையுடையது அல்ல.

"இவன் என்னப் படகில ஏத்தல்ல, சீலி. குளிருது."

சீலி என்று அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான்.

இன்னாசிப்பிள்ளை கண்கட்டை அவிழ்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறா? ஐலாதானே? இந்த முறை சரியாச் சொல்லிட்டன் பாரு."

ஐலாவுக்குப் பிறகு தன் வாயிலிருந்து வந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"ஓம் அண்ணே," என்றாள் செசீலி. "எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க. நாளைக்கு வாங்க."

அவர் போனதும் செசீலி பொலிசுக்குப் போய், அவர் வாயால் வந்ததைச் சொன்னாள். மறுநாள் அவர் பண்ணைக்கு வந்தபோது கடைசிக் குளம் வற்றிக் கிடந்தது. வரம்பில் பொலிஸ் நின்றது. மடையின் கொங்கிறீற்றை உடைத்திருந்தார்கள். கலியாண மோதிரத்தைச் செசீலிதான் அடையாளம் காட்டினாள். ஊரே கூடி ஏசியது. அவள் ஏசவில்லை. அவரருகே போய் ஒன்றுதான் கேட்டாள்.

"அழுதீங்களே, அண்ணே?"

போத்தல் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது. மூடியின் முத்திரை உடையவில்லை. ஆனால் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

போன கிழமையும் போனேன். செசீலி தேத்தண்ணி தந்துவிட்டுச் சீனி எடுக்கக் குசினிக்குப் போனாள். ஒரு வாய் குடித்தேன். முதலில் புகை. பிறகு உப்பு. நான் குடித்தறியாதவள், அது எதன் ருசி என்று எனக்கு எப்படித் தெரியும்? கோப்பையைச் சரித்துப் பார்த்தேன். அடியில் கறுப்பாகச் சேறு.

என் கதிரைக்குப் பின்னால் யாரோ மெல்லக் கேட்டார்கள். ஆம்பிளைக் குரல்.

"எந்த ஊர், ராத்தா?"