மிதந்தது யார் கண்ணில் பட்டது?

காரைக்குடி. மார்ச் 1998. காலை 10.40.

டீ குடித்துவிட்டு ஆய்வகத்தின் குளிர் அறைக்குத் திரும்பிய ஆரோக்கிய ஷீலா, காலிக் குழாயைப் பார்த்து நின்றாள். அடைக்கலமேரி என்ற பெண் தன் வயிற்று அறுவையின்போது சம்மதித்துக் கொடுத்த கொழுப்பணுக்கள் அதில்தான் இருந்தன; இப்போது இல்லை. சற்றுமுன்தான் வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி வைத்திருந்தாள்.

இயக்குநர் ஜோசப் ராஜ் வந்தார். கூட்டிப் பெருக்கும் சின்னத்தாயியிடம் நேராகப் போனார்.

"நீதான கொட்டின? நாளையிலேருந்து வராத."

"நான் அங்குட்டுப் போகவே இல்லய்யா. வயித்துல அடிக்காதீக."

ஷீலாவுக்குச் சுருக்கென்றது. கூலி வேலையில் பிழைத்த அவள் வீட்டின் முதல் பட்டம் அவளுடையது. எது தொலைந்தாலும் விளக்குமாறு பிடித்த கையைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

"கொஞ்சம் பொறுங்க சார். இவுகள அனுப்பினா நானும் போயிருவேன்."

குழாயின் அடிமுனை உறிஞ்சி எடுத்ததுபோல் சுத்தம். பக்கத்தில், கழுவி வைத்த கழிவுக் குவளையில் ஏதோ திரவம். மேலே வெள்ளையாக ஏடு.

"உள்ள யாரு வந்தீக?" சத்தம் கேட்டுக் கூடியவர்களிடம் ஷீலா கேட்டாள்.

"நான் ஐஸ் எடுக்க வந்தேன்," என்றாள் சக மாணவி ரோகிணி. "ஒங் கொழுப்புல பணியாரமா சுடப் போறேன்?"

"நானும் வந்தேன்," என்றார் அடுத்த அறையில் ரத்த அணுக்களை ஆராயும் உதயகுமார். "போன வாரம் பாதி கேட்டேன், தரமாட்டேன்ன. அதுக்காகத் திருடனாக்கிருவியா?"

"சின்னத்தாயிக்கா கொட்டியிருந்தா மொத்தமாக் கொட்டியிருப்பாக. ரோகிணி கொழுப்போட பழகுனவ. மேல இருக்குறத எடுத்திருப்பா. இங்க மேல உள்ளதக் கொட்டிட்டு அடி வண்டல எடுத்திருக்கு. ரத்தத்தச் சுத்துனா அணு அடியில தங்கும். கொழுப்பணு மிதக்கும். உதயகுமார் சார், கைப்பழக்கம் காட்டிக் குடுத்துருச்சு. பையில இருக்குறத எடுங்க."

அவர் எடுத்தார். சின்னக் குப்பியில் துளி சிவப்பு வண்டல்.

ஷீலா குவளையை இரு கையாலும் ஏந்தினாள். அந்த ஏட்டில் ஒவ்வொரு அணுவின் சவ்விலும் ஒரு புரத வாசல். பட்டினி கிடந்தால் சேமித்த கொழுப்பு உடைந்து, அதில் ஒரு பங்கு அந்த வாசல் வழியே ரத்தத்துக்குப் போகும். எத்தனை பஞ்சத்தில் எத்தனை பேரைத் தாங்கிய வாசல். அதைக் கட்டும் மரபணு உடம்பெங்கும் எழுதியிருக்கிறது. வண்டலின் ரத்த அணுக்களில் ஊமையாக, ஏட்டின் கொழுப்பணுக்களில் வாய் திறந்து. ஷீலா அதைச் சின்னத்தாயிக்குச் சொன்னாள்.

"இம்புட்டுக்குள்ளயா?" என்றாள் சின்னத்தாயி, மூச்சடக்கி.

"ஒங்களுக்குள்ளயும் இருக்குக்கா. சாருக்குள்ளயும். ஒரே வாசல்தான்."

ஜோசப் ராஜ் குவளையையே பார்த்தார். பிறகு சின்னத்தாயியிடம் திரும்பினார்.

"தப்பு என்னோடதும்மா. நாளைக்கு வாங்க."