அசையாத சுடர்

கொள்ளிடத்தின் செந்நீரில் அந்திவானம் கரைந்து, காற்றும் அடங்கி, கரையோர நாணற்காடுகள் கருமை பூணத் தொடங்கிய வேளை. வெண்கரைக் கோட்டையை நாற்பது நாளாக வளைத்துக் கிடந்த படையின் பாசறையில், ஆற்றை ஒட்டிய மணல்திட்டின்மேல் ஒரு பௌத்தத் துறவி கண்மூடி அமர்ந்திருந்தார். இடக்கைமேல் வலக்கை; கட்டைவிரல் நுனிகள் தொட்டும் தொடாமலும். தியான முத்திரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் மூக்கின் கீழே, ஒரு சாண் தொலைவில், வீரனொருவன் அகல்விளக்கை ஏந்தி நின்றான்.

அன்பார்ந்த வாசகர்களே, அவர் துறவியல்லர். கோட்டையின் வில்படைத் தலைவன் அரிஞ்சிகை. எதிரிகள் விடியலில் தென்மதகு வழியே புகப்போவதைப் பிச்சைப் பாத்திரத்தோடு திரிந்து அறிந்துவிட்டான். அச்செய்தி உள்ளே போய்ச் சேராவிட்டால் கோட்டையிலுள்ள மூவாயிரம் பேருக்கும் மறுநாள் அந்தியைக் காணும் பேறில்லை.

முற்றுகைப் படையின் தலைவர் கண்டன் காரியாரோ இளமையில் மூன்றாண்டு விகாரையில் இருந்துவிட்டு, காவியைக் களைந்து வாளெடுத்தவர். முந்தினநாள் உப்புப் பொதிகளோடு பிடிபட்ட பெண்ணை இழுத்துவரச் செய்து, கழுத்தில் வாளை வைக்கச் சொன்னார். ஒற்றனாயின் மூச்சுத் தடுமாறிச் சுடர் ஆடுமென்று சுற்றி நின்றோருக்கு அறிவித்துவிட்டு, அவள் பெயரைக் கேட்டார்.

"சாத்தி" என்றாள்.

அரிஞ்சிகையின் மனைவி அவள். காரியாருக்கு அது தெரியாது.

வாள் கீறியது, குருதி கசிந்தது. சுடர் இம்மியும் அசையவில்லை. வீரர்கள் சிலர் கைகூப்பியே விட்டனர். சாத்தி மட்டும் கணவனின் கட்டைவிரல்களைக் கண்டாள். நகங்கள் வெளுக்கும்படி ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

ஒரு கடுகளவு மாசும் இல்லாத முத்தைக் கண்டால் கொற்கை வணிகன் உடனே வாங்கமாட்டான். முதலில் கடித்துப் பார்ப்பான். காரியாரும் சிரித்தார்.

"அடிகளே, மெத்த நன்றாகச் செய்துவிட்டீர். ஒருத்தியின் கழுத்து அறுபடும்போது மெய்த்துறவிக்கும் மூச்சு ஆடும். ஆடுவதைப் பார்த்திருப்பாரே தவிர இழுத்துப் பிடிக்கமாட்டார். குறிவைக்கும் வில்லாளிதான் மூச்சைக் கட்டுவான்."

அவர் கையசைப்பதற்குள், சாத்தி தன் கழுத்திலிருந்த வாளின் அலகை இரு கைகளாலும் பற்றித் திருகினாள். காவலர் அனைவரும் அவள்மேல் பாய்ந்தனர். கண்விழித்த அரிஞ்சிகை அரைக்கணம் தயங்கினான்.

"போங்கள்" என்றாள் அவள்.

ஆறு அவனை வாங்கிக்கொண்டது. அம்புகள் நெடுநேரம் நீரைத் தைத்தன. ஒரு நாழிகை கழிந்தபின், எதிரே கோட்டையின் தென்மதகின்மேல் ஒரு பந்தம் எரிந்தது, பிறகு பத்து, பிறகு மதில் நீளத்துக்கும்.

காரியார் அவள் எதிரே மணலில் அமர்ந்து, அவன் யாரென்று வினவினார்.

"என் கணவர். இந்த வித்தையை அவருக்குச் சொல்லித்தந்தவளும் நான்தான். நாகைப் பிக்குணிகளிடம் கற்றேன். மூச்சைப் பாருங்கள் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், ஐயா. சொன்னதைக் கேட்கிற மனிதரா அவர்?"

"பொழுது விடிந்தால் உன் தலை இராது. தெரியுமல்லவா?"

"தெரியும்."

"நடுங்குகிறாயே, பெண்ணே."

சாத்தி, விரல்கள் மடங்க மறுத்த கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடியில் வைத்தாள். குருதி முழங்கால் வழியே மணலில் இறங்கியது.

"ஆம், நடுங்குகிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன்."