செய்தவன் பேசக்கூடாது

டினுஷா பனிச்சங்கேணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி நாலு. நண்பன் ஜூலியனின் அக்கா றொசானி படலையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்து நின்றாள்.

"வா கா. மேசையெல்லாம் போட்டு வெச்சிட்டன்."

ஜூலியன் டெங்குக் காய்ச்சலில் போய் மூன்று மாதம். விட்டுப்போனது ஒரு விளையாட்டை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் தோணிப் பயணிகளாக வேடமெடுத்து, டைஸ் உருட்டி, பனிமூட்டத்தில் வாவியைக் கடக்க வேண்டும். இரண்டு வருடம் தன் கையாலேயே எழுதி, வரைந்து, வெட்டி ஒட்டியது. அச்சடிக்கக் கொடுக்கும் முன் ஒருக்கா ஆடிப் பார்க்கத்தான் றொசானி அழைத்திருந்தாள்.

டினுஷாவுக்கு வரவே கால் எழவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவன் கேட்டானே, "விதிப் புத்தகத்த வாசிச்சியா? உண்மையச் சொல்லு" என்று. பாதிகூட வாசிக்காமல் "சூப்பர்டா" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள். மறுநாள் அவன் இல்லை. பாவி, ஒரு மணித்தியாலம் ஒதுக்க முடியாமலா போய்விட்டது!

மேசைக்குப் பக்கத்தில் ஒரு வெறுங் கதிரை. அதன்மேல் கொப்பியும் பென்சிலும்.

அது விளையாட்டுகள் செய்து ஆடிப் பார்க்கும் அவர்கள் கூட்டத்து வழக்கம். கருத்துச் சொல்லும்போது விளையாட்டைச் செய்தவன் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவான். எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சொல்கிறவர் "முடிஞ்சுது" என்ற பிறகே அவன் பேசலாம்.

இருவரும் ஆடினார்கள். றொசானி கதை சொன்னாள், டினுஷா டைஸ் உருட்டினாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வாவிப் பக்கமிருந்து சேற்று மணம் அடித்தது. எத்தனை தரம் உருட்டியும் தோணி நடு வாவியிலேயே நின்றது. டினுஷா விதிப் புத்தகத்தைக் கடைசித் தாள்வரை வாசித்தாள்.

வெறுங் கதிரையைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஜூலியன், நான் உனக்குப் பொய் சொன்னனான். இண்டைக்குத்தான் முழுக்க வாசிச்சன். பனிமூட்டம் நல்லா வந்திருக்கு. ஆனா கரை சேர வழியே வெக்கல்ல நீ. ஏறின ஆக்கள் அதுக்குள்ளயே கிடக்காங்க."

கிறீச்.

காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம்.

றொசானியின் இரண்டு கையும் மேசைமேல்தான் இருந்தன.

கிறீச். கிறீச்.

சத்தம் நின்றதும் டினுஷா கொப்பியை எடுத்தாள். அவள் சொன்னதெல்லாம் அப்படியே அதில் இருந்தது, இடப்பக்கம் சாய்ந்த அவன் கையெழுத்தில். அதன் கீழே ஒரு கேள்வி.

முடிஞ்சுதா?

முந்திய தாளைப் புரட்டினாள். அதிலும் அதே கேள்வி. அதற்கு முந்தியதிலும். தாளுக்குத் தாள், மேலிருந்து கீழ்வரை அது ஒன்றுதான்.

"இது ரெண்டாவது கொப்பி," என்றாள் றொசானி மெதுவாக. "செத்த வீடு முடிஞ்ச அண்டையிலிருந்து எழுதுறான். உனக்காகத்தான் காத்திருக்கான் எண்டு எனக்கு விளங்கிச்சு. ஒருக்கா சொல்லிட்டுப் போவாய் எண்டுதான் கூப்பிட்டன்."

டினுஷா கதிரைப் பக்கம் திரும்பினாள். 'முடிஞ்சுது' என்ற அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அவன் திட்டினாலும் பரவாயில்லை, குரலையாவது கேட்கலாம். வாய் திறந்தாள்.

றொசானி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம் கா. ஏலாது எனக்கு. கதைச்சு முடிச்சா எழும்பிப் போயிருவான். இந்த வீட்டில வேற ஆரு இரிக்கா எனக்கு?"

அந்த முகத்தைப் பார்த்தபின் டினுஷாவால் சொல்ல முடியவில்லை. சொல்லை விழுங்கிக்கொண்டு எழுந்தாள். படலையைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தாள். றொசானி பென்சிலைச் சீவிக் கதிரையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மட்டக்களப்பு பஸ்ஸில் யன்னலோரம் இருந்து விம்மிக்கொண்டே வந்தாள். கண் துடைக்க லேஞ்சி தேடிப் பைக்குள் கைவிட்டபோது நேற்று வாங்கிய புதுக் கொப்பி தட்டுப்பட்டது. இன்னும் ஒரு எழுத்துக்கூட எழுதாத கொப்பி. எடுத்து விரித்தாள்.

முதல் தாளில், பென்சிலால், இடப்பக்கம் சாய்ந்து:

முடிஞ்சுதா?