ரத்தச் சிவப்பில் உளுந்து!

"ஐயையோ... எம் புருசன் போயிட்டாரே!"

கற்பகவல்லியின் அலறலில் ஆமத்தூர் கடைத்தெருவே திரண்டது.

விதைக்கடைக்குள் முதலாளி அழகுராஜா குப்புறக் கிடந்தார். பக்கத்தில் பாதி வடை. பாதி பாட்டில் பிராந்தி. பகல் பன்னிரண்டு மணிக்கே பிராந்தி... பெரிய மனுஷன் அல்லவா!

இன்ஸ்பெக்டர் ஜாஸ்பின் அவர் மூக்கருகே விரல் வைத்தார்.

"மூச்சு இருக்கு... தூக்குங்க!"

"இவதான் மேடம் விசம் வச்சிருப்பா!" கற்பகவல்லி கை நீட்டினாள்.

கூட்டத்தில் இருளம்மாள். போட்ட நாலு ஏக்கர் உளுந்தையும் வேரழுகலுக்குப் பறிகொடுத்தவள். காலையில்தான் இதே கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள்.

"சாபம் விட்டேன்... விசம் வைக்கலம்மா! விதை செவப்பா இருந்துச்சு. மருந்து கலந்தது, வேர் அழுகாதுன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. பிடுங்கிப் பாத்தா வேரெல்லாம் கறுத்துக் கெடக்கு. கேட்டா, ஒனக்கு வெவசாயம் தெரியலங்காரு!"

முப்பது வருஷம் வெயிலில் காய்ந்தவளுக்கு, ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்தவர் சொன்ன தீர்ப்பு!

"ஸ்டேஷனுக்கு வாங்க."

"ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கும்மா... நான் ஜெயிலுக்குப் போயிட்டா அதுக கதி?"

ஜாஸ்பின் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

மாலை. விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரி.

அழகுராஜா கண் விழித்திருந்தார். இப்படி ஒரு சரக்கை எமனே வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டான் போல!

டாக்டர் ஜெயசுந்தர் சொன்னார். "வடை மாவுல விதைநேர்த்தி மருந்து, மேடம். பூஞ்சாணத்தைக் கொல்ல விதையில கலப்பாங்களே, அதுதான். கூடவே பிராந்தியும் சேர்ந்து ஆளைச் சாய்ச்சிருச்சு."

ஜாஸ்பின் திரும்பினார். "வடைக்கு உளுந்து ஏது?"

"கடை உளுந்துதான்" என்றாள் கற்பகவல்லி. "வித்தது போக மிஞ்சினதைக் கழுவி அரைப்போம். வருசா வருசம் அப்படித்தான்..."

"மருந்து கலந்த விதையையா?"

அழகுராஜா கட்டிலில் துள்ளி எழுந்தார்.

"அதுல ஏது மருந்து? சிவகாசியில வாங்கின வெறும் சாயப்பொடி மேடம்! எங் கையால கலந்தது! அஞ்சு வருசமா அந்த வடைதான் திங்கேன், ஒரு தும்மல் வந்ததில்ல. அந்த இருளம்மாதான் விசத்தை..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரொம்ப லேட்!

"அப்போ மருந்து எப்படி வந்துச்சு?"

கடையில் இருபது வருஷமாக மூட்டை தூக்கும் பாண்டி, முதலாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தவர், முன்னால் வந்தார்.

"நாந்தான் மேடம்... இருளம்மாக்கா வயலைப் பாத்தேன். மனசு கேக்கல. அடுத்து வாங்குறவுகளாவது பொழைக்கட்டும்னு ஒத்த மூட்டைக்கு நெச மருந்தை வாங்கிக் கலந்தேன். மொதலாளி அதைப் போயி வடைக்கு எடுப்பாகன்னு கண்டேனா?"

ஜாஸ்பின் போனை எடுத்தார். "ஏட்டய்யா... இருளம்மாளை வீட்டுக்கு அனுப்பிருங்க. அந்த லாக்கப்புக்கு வேற ஆள் வருது."

பிறகு அழகுராஜாவின் கையில் விலங்கை மாட்டினார்.

"அஞ்சு வருஷத்துல உங்க கடையில ஒரே ஒரு மூட்டைதான் ஒழுங்கா இருந்துச்சு... அதையும் விக்காம நீங்களே தின்னுட்டீங்களே, முதலாளி!"