முதுகில் ஒரு வளையம்

விழுந்து முப்பத்தெட்டு நிமிடம்.

ஸ்ட்ரெச்சர் அவசரப் பிரிவின் கதவை முட்டித் திறந்தது. அதன் மேல் பெயின்டர். கழுத்தில் காலர். முகம் காகிதமாய் வெளுத்திருந்தது.

"எப்படி விழுந்தார்?" டாக்டர் கேட்டாள்.

"மூணாவது மாடிச் சாரத்துல இருந்துங்க. சேஃப்டி பெல்ட் போடுடான்னு கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்துறேன்... கேட்டாத்தானே!"

தலையில் அடித்துக்கொண்டார் சைட் சூப்பர்வைசர். பெயின்டருக்கு மச்சான்.

அவர் பின்னால் அவருடைய தங்கை. பெயின்டரின் மனைவி. அதே சைட்டில் சித்தாள். கையெல்லாம் வெள்ளை பெயின்ட்.

அவள் அழவில்லை.

"ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க!"

நர்ஸ் கத்தினாள். "பிரஷர் எழுபது டாக்டர்... இறங்குது!"

"ஸ்கேன்ல வயிறு பூரா ரத்தம். மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. ரத்தம் ஏத்து! தியேட்டருக்குச் சொல்லு!"

கத்தரி சட்டையையும் பேன்ட்டையும் கிழித்தது.

"முதுகைப் பார்க்கணும். கட்டை மாதிரி அப்படியே திருப்புங்க. கழுத்து அசையக் கூடாது... ஒண்ணு, ரெண்டு, மூணு!"

நான்கு பேர் திருப்பினார்கள்.

டாக்டரின் கை நின்றது.

தோள்பட்டைகளுக்கு நடுவே... கருநீலமாய் ஒரு வளையம்!

தொடைகளைப் பார்த்தாள். இரண்டிலும் அகலமான சிவப்புப் பட்டை.

"சர்ஜன் ரெடி!"

"தள்ளு!"

ஸ்ட்ரெச்சர் பறந்தது. டாக்டர் வராந்தாவுக்கு வந்தாள்.

"பெல்ட் போடலைன்னீங்க. அதுல கயிறு மாட்டுற வளையம் முதுகுல பதிஞ்சிருக்கே?"

சூப்பர்வைசருக்கு வியர்த்தது.

"அ... அது... போட்டிருந்தான். கயிறு பழசு. சடார்னு அறுந்துடுச்சு. வேலை போயிடுமேன்னு நான்தான் பெல்ட்டைக் கழட்டி மறைச்சேன்."

"சடார்னு அறுந்தா தொடையில பெல்ட்டோட பட்டை இப்படிப் பதிஞ்சு கன்னிப்போகாது. கயிறு தாங்கியிருக்கு. அவர் தொங்கியிருக்கார். அப்புறம்தான் யாரோ..."

"நான்தான்!" அலறினார். "நான்தான் அறுத்தேன். போலீசைக் கூப்பிடுங்க!"

"கீழே நின்னுக்கிட்டா?"

சூப்பர்வைசர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"போதும்ண்ணா."

தங்கை முன்னால் வந்தாள்.

"கயிறு கட்டியிருந்த மொட்டை மாடியில இருந்தவ நான். அறுத்தவளும் நான்."

"ஏம்மா?" டாக்டரின் குரல் இறங்கியது.

அவள் இடது கையை நீட்டினாள். மணிக்கட்டு எலும்பு உடைந்து கோணலாய்க் கூடியிருந்தது.

"எட்டு வருஷம் டாக்டர். கை, விலா, தாடைன்னு வரிசையா உடைச்சார். ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதில்ல."

மூச்சு வாங்கினாள்.

"நான் உடைச்சது ஒரே தடவைதான்... அதுக்கே ஆம்புலன்ஸ் வெச்சுக் கூட்டிட்டு வந்துட்டேனே!"